மௌனம் காத்த வகுப்பறை: படம் முடிந்ததும் எழும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடி ஒரு வெளிநாட்டுப் படம் பார்ப்பது வழக்கம். அப்படிப் போட்ட படங்களில் அதிகம் பேச வைத்தது "டாஸ் ஷ்வைகெண்டே கிளாசென்சிம்மர்" என்ற ஜெர்மன் படம். தலைப்புக்கு மௌனம் காக்கும் வகுப்பறை என்று பொருள். ஆங்கிலத்தில் "தி சைலண்ட் ரெவல்யூஷன்" என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். படம் 111 நிமிடம். எங்கள் பேச்சு அதைவிட நீண்டது. பிறகு இதைப் பார்த்த மற்ற நண்பர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் கேள்வியைத் தாண்டினால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் எதைப் பற்றியது?

1956. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனி. தியோ, குர்ட் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள் கல்லறைக்குப் போவதாகச் சொல்லி மேற்கு பெர்லினுக்குப் போய், அங்கே திருட்டுத்தனமாக ஒரு தியேட்டருக்குள் நுழைகிறார்கள். படத்துக்கு முன் ஓடும் செய்திச் சுருளில் ஹங்கேரி மக்கள் சோவியத் பிடியை எதிர்த்துத் தெருவில் இறங்கியதைப் பார்க்கிறார்கள். தங்கள் ஊர்ப் பத்திரிகைகள் அதை "எதிர்ப்புரட்சி" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தன. ஊருக்குத் திரும்பி நண்பர்களிடம் சொல்கிறார்கள். ஹங்கேரியில் செத்தவர்களுக்காக வகுப்பில் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று பெரும்பான்மை வாக்கில் முடிவாகிறது. அன்று வரலாற்று ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

இயக்கியவர் லார்ஸ் கிராவ்மே. 2018 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள்.

உண்மைக் கதையா?

ஆமாம். பெர்லினுக்குத் தென்கிழக்கே ஸ்டோர்கோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில்தான் இது நடந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான டீட்ரிஷ் கார்ஸ்ட்கா ஐம்பது வருடம் கழித்து, 2006-ல் அதைப் புத்தகமாக எழுதினார். படத்தின் மூலம் அதுதான். படம் வெளியான சில வாரங்களில், 2018 ஏப்ரலில், அவர் காலமானார்.

மாற்றங்கள் உண்டு. படத்தில் 2 நிமிடம். உண்மையில் 5 நிமிடம். வகுப்பில் 45 பேரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்கப் படாத பாடுபடும் ஆசிரியர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று. படம் ஏன் அதைக் குறைத்தது என்று எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான். ஊரையும் ஸ்டோர்கோவிலிருந்து ஸ்டாலின்ஸ்டாட்டுக்கு மாற்றினார்கள். மாணவர்களின் பெயர்களும் குடும்பக் கதைகளும் படத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் விசாரணை, கல்வி அமைச்சரே பள்ளிக்கு நேரில் வந்தது, மொத்த வகுப்பையும் வெளியேற்றியது எல்லாம் நடந்தவை.

ஸ்டாலின்ஸ்டாட் என்று ஓர் ஊர் நிஜமாகவே இருந்ததா?

இருந்தது, இப்போதும் இருக்கிறது. போலந்து எல்லையை ஒட்டி, இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக 1950 முதல் புதிதாகக் கட்டிய நகரம். 1953-ல் ஸ்டாலின் இறந்ததும் அவர் பெயரை வைத்தார்கள். 1961-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஐசன்ஹியூட்டன்ஸ்டாட், அதாவது இரும்பாலை நகரம், என்று மாற்றினார்கள். படப்பிடிப்பும் பெரும்பாலும் அங்கேயே நடந்தது. அகலமான தெருக்கள், ஒரே அளவான அடுக்கு வீடுகள், தூரத்தில் ஆலை. புதிய மனிதனை உருவாக்கப்போகிறோம் என்று நம்பிக் கட்டிய ஊரில் இந்தக் கதையை வைத்தது நல்ல முடிவு.

பெர்லின் சுவர் இருந்ததே, ரயில் ஏறி எப்படிப் போய்வந்தார்கள்?

நம்மில் பலருக்கு வரும் சந்தேகம் இது. சுவர் எழும்பியது 1961 ஆகஸ்ட் 13 அன்றுதான். அதுவரை பெர்லின் நகருக்குள் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர ரயிலில் போய்விடலாம். வழியில் சோதிப்பார்கள், "எங்கே போகிறாய், ஏன்" என்று கேட்பார்கள். அதனால்தான் அந்தக் கல்லறைக் கதை தேவைப்படுகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் மக்கள் கிளம்பிப் போனார்கள். 1949 முதல் சுவர் எழும்பும் வரை சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போயிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் கதவு திறந்தே இருக்கிறது. போய்விடலாம், ஆனால் போனால் அம்மா அப்பாவை மறுபடி பார்க்க முடியுமா என்று தெரியாது.

ஹங்கேரியில் என்னதான் நடந்தது?

1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் மாணவர்கள் தொடங்கிய ஊர்வலம் அன்றிரவே எழுச்சியாக மாறியது. நகரின் பிரம்மாண்டமான ஸ்டாலின் சிலையைச் சாய்த்தார்கள். சீர்திருத்தம் பேசிய இம்ரே நாகி பிரதமரானார். சில நாள் மக்கள் ஜெயித்துவிட்டது போலவே இருந்தது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் பெரும் படையாகப் புகுந்து நசுக்கின. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள், இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். நாகியை 1958 ஜூனில் தூக்கிலிட்டார்கள்.

இந்தத் தேதிகளைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பு மௌனம் காத்தபோது ஹங்கேரி இன்னும் தோற்கவில்லை. விசாரணை சூடு பிடித்தபோது தோற்றுவிட்டது. பிள்ளைகள் நம்பிக்கையோடு செய்த ஒரு காரியத்துக்கு, அந்த நம்பிக்கை செத்த பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புஷ்காஷ் யார்? அவர் பெயர் ஏன் அடிபடுகிறது?

ஃபெரன்ட்ஸ் புஷ்காஷ் ஹங்கேரிக் கால்பந்து அணியின் கேப்டன். 1953-ல் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே, வெம்ப்ளியில் 6-3 என்று தோற்கடித்த அணி அது. மறு வருடம் உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது. ஆகவே எந்த ஜெர்மன் பையனுக்கும் அந்தப் பெயர் தெரியும். எழுச்சியில் அவர் கொல்லப்பட்டதாக ரியாஸ் வானொலி சொல்கிறது. மேற்கு பெர்லினில் அமெரிக்கர்கள் நடத்திய நிலையம் அது; கிழக்கில் அதைக் கேட்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. படத்தில் ஊருக்கு வெளியே தனியாக வாழும் எட்கர் என்ற முதியவர் வீட்டில் கூடிக் கேட்கிறார்கள்.

செய்தி பொய். புஷ்காஷ் உயிரோடு இருந்தார். பிறகு ஸ்பெயினுக்குப் போய் ரியல் மாட்ரிட்டுக்கு ஆடினார், 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் நான்கு கோல் போட்டார். இறந்தது 2006-ல்.

ஆனால் விசாரணை தொடங்கியதும் தியோ அந்தப் பொய்ச் செய்தியைப் பிடித்துக்கொள்கிறான்: "நாங்கள் அரசியலுக்காக மௌனம் காக்கவில்லை, ஒரு விளையாட்டு வீரருக்காகத்தான்." தப்பிக்க ஒரு சந்து. அவன் காதலி லேனாவுக்கு அது பிடிக்கவில்லை. செய்ததைச் செய்தோம் என்று சொல்ல வேண்டும் என்கிறாள். அவனை விட்டு விலகிப் போகிறாள். எங்கள் வீட்டில் இந்த இடத்தில் இரண்டு கட்சி ஆனது. நான் தியோ பக்கம். பதினெட்டு வயதில், தன்னை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்தின் முதல் படிப்பாளி அவன். அவன் பயந்தது எனக்குப் புரிகிறது. லேனா சொன்னதும் சரி. அந்தச் சந்துக்குள் நுழைந்ததால்தான் "எந்த வானொலியில் கேட்டீர்கள், யார் வீட்டில்" என்ற அடுத்த கேள்வி வந்தது. எட்கரைக் கைது செய்தது அதன் தொடர்ச்சி.

பேசாமல் இருந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

தலைமை ஆசிரியர் ஷ்வார்ட்ஸும் இப்படித்தான் நினைக்கிறார். சிறுபிள்ளைத்தனம், கண்டித்துவிட்டு விட்டுவிடலாம் என்று பார்க்கிறார். விஷயம் மேலே போனதும் அவர் கையை மீறிவிடுகிறது. மாவட்டக் கல்வி அதிகாரி கெஸ்லர் வருகிறார், அப்புறம் அமைச்சர் லாங்கே.

அந்த அரசு ஏன் இப்படிப் பதறியது? மூன்று வருடம் முன்புதான் ஒரு சூடு பட்டிருந்தது. 1953 ஜூனில், அதே கூலிக்கு 10 சதவீதம் கூடுதல் வேலை என்ற உத்தரவை எதிர்த்துக் கிழக்கு பெர்லினில் கட்டடத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே போட்டார்கள். ஜூன் 17 அன்று அது 700-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்துதான் அடக்கின. குறைந்தது 55 பேர் இறந்தார்கள். தொழிலாளர்களின் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசைத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள். இப்போது ஹங்கேரி எரிகிறது, அங்கேயும் ஆரம்பித்தது மாணவர்கள். இந்தக் கணக்கில், ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆட்சியில் எல்லோரும் எப்போதும் எதையாவது சொல்லியாக வேண்டும். உறுதிமொழி, வணக்கம், கைதட்டல், தீர்மானத்துக்கு ஆமாம். சும்மா இருப்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஒருவன் தப்பாகப் பேசினால் திருத்தலாம். பேசாதவனை என்ன சொல்லித் திருத்துவது?

ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் எல்லோரும் தப்பித்திருக்கலாமே?

இதை முதலில் கேட்டது என் மகள். அப்போது அவள் பிளஸ் டூ. "அப்பா, யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லிட்டா மத்த எல்லாரும் பரீட்சை எழுதலாமே? எழுதலைன்னா லைஃபே போச்சே!" என்றாள். அவள் அப்படிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அபிடூர் என்பது அங்கே நம் பிளஸ் டூ மாதிரி. அது இல்லாமல் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. இவர்களுக்கு விதித்த தண்டனை, கிழக்கு ஜெர்மனியில் எந்தப் பள்ளியிலும் அந்தத் தேர்வை எழுத முடியாது என்பது.

அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

கெஸ்லர் நடத்தும் விசாரணையைக் கவனியுங்கள். என்ன நடந்தது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் நடந்தது என்பதும் தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு பெயர். யார் சூத்திரதாரி? ஏன் அந்தப் பெயர் அவ்வளவு முக்கியம்? பெயர் கிடைத்துவிட்டால் நடந்தது ஒரு கெட்ட பையனின் வேலை ஆகிவிடும். மற்றவர்கள் ஏமாந்த நல்ல பிள்ளைகள். ஒரு வகுப்பே யோசித்து, வாக்கெடுத்து, சேர்ந்து முடிவெடுத்தது என்பது மறைந்துவிடும். அதற்கும் மேலே, பெயரைச் சொன்னவர்கள் ஆயுள் முழுக்க அரசின் பிடியில் இருப்பார்கள். தேர்வு எழுதுவார்கள், வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்வார்கள். ஆனால் ஒரு நண்பனை விற்றுத்தான் இதெல்லாம் வந்தது என்பது அவர்களுக்கும் தெரியும், அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் தெரியும். அடுத்த முறை அவர்கள் எதிலும் கை தூக்க மாட்டார்கள்.

அந்த விலை பெரிதா, தேர்வு பெரிதா என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. படத்தின் கடைசி வகுப்பறைக் காட்சியில் ஒவ்வொருவராக எழுந்து, யோசனை என்னுடையது, என்னுடையது என்கிறார்கள். எழுந்திருப்பதற்கு முன்னால் அந்த முகங்களில் ஓடும் தயக்கத்தைப் பாருங்கள். வீரம் பொங்கி எழுந்தது மாதிரி கிராவ்மே அதை எடுக்கவில்லை. பயந்துகொண்டேதான் எழுகிறார்கள்.

பெயரைச் சொல்லிவிடும் எரிக் துரோகிதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையனை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மௌனத்தை எதிர்த்தவன் அவன்தான். சோஷலிசத்தை அந்த வகுப்பில் மனதார நம்பியவனும் அவன்தான், ஏனென்றால் செத்துப்போன அப்பா நாஜிகளை எதிர்த்த கம்யூனிஸ்ட் வீரர் என்று நம்பி வளர்ந்திருக்கிறான். கெஸ்லர் அவன் முன் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துப் போடுகிறார். அப்பா கடைசியில் நாஜிகளுக்கு வேலை செய்தவர். தூக்கில் தொங்கியது அதற்காக. பெயரைச் சொல், இல்லாவிட்டால் இது ஊருக்கெல்லாம் தெரியும்.

பதினெட்டு வயதுப் பையன் மேல் இதைச் செய்யலாமா? அவன் சொல்லிவிடுகிறான். சொன்ன பிறகு அவனால் தாங்க முடியவில்லை. துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஓடுகிறான், பயிற்சியாளரைச் சுட்டுவிடுகிறான். ஜோனாஸ் டாஸ்லர் என்ற நடிகர் இதைச் செய்திருக்கும் விதம் படத்தின் பெரிய பலம்.

இது கம்யூனிசத்துக்கு எதிரான பிரசாரப் படமா?

எங்கள் கூட்டத்தில் ஒரு தோழர் இதைக் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் படம் மேற்கைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. பொய்ச் செய்தி வந்தது மேற்கு வானொலியிலிருந்து. அமைச்சர் லாங்கே பிள்ளைகளை மிரட்டுபவர்தான். அவரே நாஜிகளிடம் வதைபட்டவர் என்பதையும் படம் சொல்கிறது. நிஜ அமைச்சர் ஃப்ரிட்ஸ் லாங்கேயும் ஹிட்லர் ஆட்சியில் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட். பாசிசம் திரும்பி வரும் என்ற அவர் பயம் பொய்யில்லை. அந்தப் பயமே அவரை ஒரு வகுப்பறைக்குள் வந்து குழந்தைகளை மிரட்டுபவராக ஆக்குகிறது. அந்த வேடத்தில் வரும் புர்ஹார்ட் கிளாவ்ஸ்னர், இதே இயக்குநரின் முந்தைய படத்தில் நாஜிக் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்த மேற்கு ஜெர்மன் அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பாவராக நடித்தவர். இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்த முகம் கூடுதலாக ஏதோ சொல்லும்.

தோழர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. சரி, பேசிக்கொண்டே இருப்போம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் முதல் தாராளமாகப் பார்க்கலாம். துப்பாக்கிச் சூடும், தூக்கில் தொங்கியவரின் புகைப்படமும் வரும். சுருட்டு, பீர், காதல் எல்லாம் உண்டு. பார்க்கும் முன் ஹிட்லர், இரண்டாகப் பிரிந்த ஜெர்மனி பற்றி ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால் போதும்.

இதே மாதிரி வேறு படம்?

ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2022-ல் அலெக்ஸாண்ட்ரு பெல்க் இயக்கிய "மெட்ரோனோம்" என்ற ருமேனியப் படம். 1972, புகாரெஸ்ட். பள்ளிப் பிள்ளைகள் தடை செய்யப்பட்ட வானொலியில் பாட்டு நிகழ்ச்சி கேட்டு, அதற்குக் கடிதம் எழுதுகிறார்கள். ரகசியப் போலீஸ் வந்துவிடுகிறது. கான் விழாவில் அந்த ஆண்டின் "அன் செர்தேன் ரெகார்ட்" பிரிவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. இங்கேயும் வானொலி, இங்கேயும் ஒரு பெயரைக் கேட்கும் மேசை. ஆனால் அது இன்னும் இருட்டு.

நிஜ மாணவர்கள் என்ன ஆனார்கள்?

வகுப்பில் இருந்தது 20 பேர். 1956 டிசம்பர் இறுதியில் அவர்களில் 16 பேர் மேற்குக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் நேரம், உறவினர் வீட்டுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக. நான்கு பேர் அங்கேயே இருந்துவிட்டார்கள். போனவர்கள் ஹெஸ்ஸன் மாநிலத்தில் பென்ஸ்ஹைம் என்ற ஊரில் மறுபடி ஒன்றாகப் படித்து, 1958-ல் அபிடூர் எழுதினார்கள். என் மகளுக்கு இந்தத் தகவலைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "அந்த நாலு பேர்?" என்றுதான். நானும் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை பார்க்கிறேன். எதைக் கவனிக்கட்டும்?

அப்பாக்களை. முதல் தடவை நாம் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறோம்.

1956-ல் ஜெர்மனியில் முப்பதைத் தாண்டிய யாரும் ஏற்கெனவே ஒரு சர்வாதிகாரத்தைப் பார்த்தவர்கள். எல்லோர் வீட்டிலும் பேசாமல் மூடி வைத்த ஏதோ ஒன்று இருந்தது. தியோவின் அப்பா உலைக்களத் தொழிலாளி. 1953 எழுச்சியில் கலந்துகொண்டு அதற்கான விலையைக் கொடுத்தவர். மகனிடம் அதைச் சொல்லவே இல்லை. அவர் மகனை அதட்டும்போதெல்லாம் அந்தக் கைகளைப் பாருங்கள், தான் ஒரு காலத்தில் செய்ததையே மகன் செய்துவிட்டான் என்று தெரிந்த மனிதரின் கைகள் அவை.

குர்ட்டின் அப்பா நகர மன்றத் தலைவர், கட்சிக்காரர், வீட்டில் கறாரானவர். மொத்தப் பழியையும் எரிக் மேல் போட்டுவிட்டால் நீ தப்பிக்கலாம் என்று குர்ட்டிடம் சொல்கிறார்கள். அன்றிரவு அவன் கிளம்புகிறான். ரயில் சோதனையில் பிடிபட்டதும் அப்பாவை வரவழைக்கிறார்கள். அவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. காவலர்கள் பக்கத்திலேயே நிற்பதால் ஒரு வார்த்தைகூட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அவன் ஏதோ சின்ன வேலையாகப் போகிற மாதிரியே பேசி, போக விடுகிறார். அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.